ஆமா ஆன்ட்டி

தி.நகர் நடேசன் பூங்காவில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல், இரட்டை ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு வரும் ஒரு அம்மாவைப் பத்து நிமிடம் கவனித்தால் போதும். ஒரு சுற்று முடிப்பதற்குள் நாலு பேர் நிறுத்துவார்கள். முதல் ஆள் குனிந்து பார்த்து, “ட்வின்ஸா! கண்ணு பட்டுடும்மா, போனதும் சுத்திப் போடு” என்பார். அடுத்தவர், “ரெண்டும் பசங்களா? ஒண்ணு பொண்ணா இருந்திருக்கலாம்” என்பார். மூன்றாமவர் கொஞ்சம் கிட்டே வந்து, குரலைத் தணித்து, “நேச்சுரலாம்மா, இல்ல ட்ரீட்மென்ட்டா?” என்று கேட்பார். அதற்கு அந்தப் பெண் சொல்லும் பதிலைக் கவனியுங்கள். “ஆமா ஆன்ட்டி.” இதுவா அதுவா என்ற கேள்விக்கு “ஆமா” எப்படிப் பதிலாகும் என்று ஆன்ட்டி யோசித்து முடிப்பதற்குள் ஸ்ட்ரோலர் அடுத்த பெஞ்சைத் தாண்டியிருக்கும்.

இரட்டைக் குழந்தை பெற்றவர்களிடம் கொஞ்சம் பழகினால் இப்படிப் பல பதில்கள் காதில் விழும். “கடவுள் கொடுத்தது” என்பார்கள், “எங்க பாட்டி வழி” என்பார்கள், வெறுமனே சிரிப்பார்கள். கேட்பவர் மனதில் கெட்ட எண்ணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. முன்பின் தெரியாதவரிடம் சம்பளம் கேட்கிற ஊர் இது. கல்யாணமான மூன்றாம் மாதமே “விசேஷம் ஏதாவது உண்டா?” என்று ஆரம்பிக்கிறோம், அந்தக் கேள்வியின் வாலைத்தான் பிரசவத்துக்குப் பிறகு இப்படி நீட்டுகிறோம். ஆனால் நீண்ட நாளாக என்னை உறுத்துவது மரியாதைக் குறைவு மட்டுமில்லை. அந்தக் கேள்வி உடற்கூறு தெரியாத கேள்வி. ‘இயற்கை’ ஒரு பக்கம், ‘ட்ரீட்மென்ட்’ ஒரு பக்கம் என்று நடுவில் சுவர் இருப்பதாக அது நம்புகிறது. இரட்டைக் கரு உண்டாகும் இடத்தில் அப்படி ஒரு சுவர் கிடையாது.

லாரியும் குடங்களும்

ஒட்டு வாழைப்பழம் தின்றால் இரட்டைப் பிள்ளை பிறக்கும் என்று சொல்லி, வயதுப் பெண்களின் கையிலிருந்து அந்தப் பழத்தைப் பிடுங்கிய பாட்டிகள் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. தசரதன் பாயசத்தை மூன்று மனைவியருக்கும் கொடுத்தபோது சுமித்திரைக்கு மட்டும் இரண்டு பங்கு போயிற்று, அதனால்தான் இலக்குவனும் சத்துருக்கனனும் என்கிறது இராமாயணம். வாழைப்பழக் கதையைவிட இந்தப் பாயசக் கதை உண்மைக்குச் சற்றுப் பக்கத்தில் நிற்கிறது. இரண்டு பங்கு என்பதுதான் விஷயம்.

இரட்டையரில் பெரும்பாலோர் இரண்டு முட்டையிலிருந்து வருகிறவர்கள். ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் பத்துப் பதினைந்து சிறு நீர்ப்பைகள் ஒன்றாக வளரத் தொடங்கும். ஃபாலிக்கிள் என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் வருவது இவைதான். இவற்றை வளர்ப்பது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எஃப்எஸ்எச் ஹார்மோன். இதைப் புரிந்துகொள்ள சென்னைக்காரர்களுக்குத் தண்ணீர் லாரியே போதும். தெருவில் மெட்ரோ வாட்டர் லாரி நிற்கிறது, பதினைந்து குடம் வரிசையில் இருக்கிறது. முதலில் நிரம்பிய குடத்துக்காரி “போதும், மூடு!” என்று கத்துகிறாள், டிரைவர் குழாயை மூடிவிடுகிறார், மிச்சக் குடங்கள் காய்ந்துபோகின்றன. முந்திக்கொண்ட ஃபாலிக்கிள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் அந்தக் கத்தல். அது கேட்டதும் பிட்யூட்டரி எஃப்எஸ்எச்சைக் குறைக்கிறது. முந்தியது மட்டும் குறைந்த எஃப்எஸ்எச்சிலும் தாக்குப்பிடித்து வளர்ந்து, வெடித்து, ஒரு முட்டையை வெளியே விடுகிறது. மாதத்துக்கு ஒரு முட்டை என்ற கணக்கு இப்படித்தான் நிற்கிறது.

குழாயை மூட ஒருநாள் இருநாள் தாமதமானால் இரண்டாவது குடமும் நிரம்பிவிடும். இரண்டு முட்டை, இரண்டு விந்தணு, இரண்டு கரு. பிறக்கிறவர்கள் மரபணு அளவில் சாதாரண அக்கா தங்கை, அண்ணன் தம்பிதான். வயிற்றைப் பகிர்ந்துகொண்டார்கள், அவ்வளவே. தாமதம் பல காரணத்தால் வரும். வயது கூடக்கூட சினைப்பையின் சத்தம் பலவீனமாகி எஃப்எஸ்எச் ஏறுகிறது. 35 முதல் 39 வயதுக்குள் தானாகவே இரட்டை தரிப்பது கூடுவது இதனால்தான். உயரமான, உடல் எடை கூடிய பெண்களுக்கும், ஏற்கெனவே சில பிள்ளை பெற்றவர்களுக்கும் வாய்ப்புக் கொஞ்சம் அதிகம். பரம்பரையும் உண்டு: எஃப்எஸ்எச்சின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் இரட்டை பெற்ற தாய்மாரிடம் கூடுதலாகக் காணப்படுவது 2016ல் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

பரம்பரை என்றதும் “எங்க வீட்டுக்காரர் சைடுல நிறைய ட்வின்ஸ்” என்று ஒரு குரல் வரும். முட்டை விடுவது மனைவியின் சினைப்பை, அதில் கணவனின் பரம்பரைக்கு வேலையில்லை. அவர் அந்தக் குணத்தைத் தன் மகளுக்குக் கடத்தலாம், மகள் இரட்டை பெறலாம். “ஒரு தலைமுறை விட்டுத்தான் வரும்” என்ற பேச்சு பெரும்பாலும் இப்படி ஒரு ஆண் நடுவில் நிற்பதால் உண்டானது. ஆனால் நம் ஊரில் இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அத்தை மகனைக் கட்டிக்கொண்டவளுக்கு மாமியார் என்பவர் அப்பாவின் கூடப்பிறந்தவர். அப்பா வழியாக அதே மரபணு அவளிடமும் வந்திருக்கலாம். அங்கே ‘வீட்டுக்காரர் சைடு’ என்று சொல்வது தப்பாகாது, அது அவள் சைடும்தான்.

ஒரே முட்டை பிரிந்து இரண்டு குழந்தையாவது வேறு கதை. ஆயிரம் பிரசவத்துக்குச் சுமார் 4 என்ற அளவில், எந்த நாட்டிலும் எந்த இனத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடக்கிறது. ஏன் பிரிகிறது என்பதற்கு அறிவியலிடம் இன்னும் உறுதியான பதில் கிடையாது. சோறும் பழமும் பரம்பரையும் இங்கே பெரிதாக எதையும் மாற்றுவதில்லை. நாட்டுக்கு நாடு ஏறி இறங்குவது இரண்டு முட்டைக் கணக்குதான். நைஜீரியாவின் இக்போ ஓரா ஊரில் ஆயிரத்துக்கு 40க்கும் மேல், நம்முடையது போன்ற ஆசிய நாடுகளில் மிகக் குறைவு. மலப்புரம் மாவட்டத்துக் கொடின்ஹி கிராமம் இதில் விதிவிலக்காக அடிக்கடி செய்தியில் வரும்.

மாத்திரை செய்வது என்ன

இப்போது அந்தப் பூங்காக் கேள்விக்கு வருவோம். ‘ட்ரீட்மென்ட்’ என்று குரலைத் தணித்துச் சொல்கிறோமே, அதன் முதல் படி என்ன தெரியுமா? மாதவிலக்கின் இரண்டாம் நாளிலிருந்து ஐந்து நாளைக்கு, தினம் ஒரு 50 மில்லிகிராம் குளோமிஃபின் மாத்திரை. அது ஈஸ்ட்ரோஜன் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. லாரி டிரைவரின் காதைப் பொத்துகிற வேலை. குடத்துக்காரி கத்துகிறாள், அவருக்குக் கேட்கவில்லை, குழாய் இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருக்கிறது. லெட்ரோசோல் என்ற இன்னொரு மாத்திரை அவளைக் கத்தவிடாமல் செய்கிறது. அது உடலைவிட்டுச் சீக்கிரம் வெளியேறிவிடுவதால் குழாயும் சீக்கிரம் மூடிக்கொள்கிறது. குளோமிஃபினில் கருத்தரித்த நூறு பேரில் ஏழெட்டுப் பேருக்கு இரட்டை என்றால், லெட்ரோசோலில் அதில் பாதிதான். எஃப்எஸ்எச்சையே நேராக ஊசியில் ஏற்றினால் இரண்டையும் தாண்டிவிடும்.

37 வயதில் ஒரு மாத்திரையும் போடாமல் இரட்டை சுமப்பவளையும், 27 வயதில் ஐந்து மாத்திரை போட்டு இரட்டை சுமப்பவளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். இருவருக்கும் உள்ளே நடந்தது ஒன்றுதான், குழாயை மூடத் தாமதமாயிற்று. ஒருத்திக்கு வயது செய்தது, இன்னொருத்திக்கு மாத்திரை செய்தது. முதலாமவளுக்கு ‘கடவுள் கொடுத்தது’ என்ற சர்டிஃபிகேட்டும் இரண்டாமவளுக்குத் தணிந்த குரலும் எந்த நியாயத்தில்?

ஐவிஎஃப் என்றால் சுவர் கெட்டியாகத் தெரியும் என்று நினைக்கிறோம். அங்கேயும் தெரியாது. ஆய்வகத்தில் உண்டான கருவை ஐந்தாம் நாள் கருப்பைக்குள் வைக்கிறார்கள். ஒன்றே ஒன்றை வைத்தாலும், நூற்றில் ஒன்றிரண்டு உள்ளே போய்த் தானே பிரிந்து இரட்டையாகிறது. வைத்தது மனிதர், பிரிந்தது அதன் பாட்டுக்கு. இது எந்தக் கணக்கில் சேரும்? அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஒரே ஒரு கருவை வைத்த பிறகும் ஆண் ஒன்று பெண் ஒன்று என இரட்டை பிறந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வைத்தது ஒன்று தங்க, அதே மாதம் அந்தத் தம்பதிக்குத் தானாகவும் ஒன்று தரித்திருக்கிறது. “நேச்சுரலா, ட்ரீட்மென்ட்டா?” என்று அந்த அம்மாவைக் கேட்டால் “ஆமா ஆன்ட்டி” என்பது மருத்துவ ரீதியாகவே துல்லியமான பதில்.

ட்ரீட்மென்ட் என்றால் டாக்டர்கள் வேண்டுமென்றே இரட்டை கொடுக்கிறார்கள் என்ற எண்ணமும் தப்பு. ஃபாலிக்குலர் ஸ்கேன் ஒன்பதாம், பத்தாம் நாளில் தொடங்கும். ஒன்றோ இரண்டோ 18 முதல் 20 மில்லிமீட்டர் வந்ததும் முட்டை வெடிக்க ஊசி போடுவார்கள், சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளியே வரும். மூன்று நான்கு ஃபாலிக்கிள் சேர்ந்து பெரிதாகியிருந்தால் கவனமான டாக்டர் “இந்த மாசம் வேண்டாம்மா” என்று ஊசியை நிறுத்திவிடுவார். அந்த மாதம் சேர வேண்டாம் என்றும் சொல்லியனுப்புவார். பணமும் போய் மாதமும் போய் அழுதபடி வெளியே வருகிறவர்களைப் பார்த்து, “டாக்டர் ஏமாத்துறாரு” என்று காத்திருப்போர் பெஞ்சில் ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். அங்கே டாக்டர் தவிர்க்கப் பார்த்தது மூன்று குழந்தை, நான்கு குழந்தைக் கர்ப்பத்தை.

ஐவிஎஃபில் இதே சிக்கல் தலைகீழாக வரும். “ரெண்டு வெச்சிடுங்க டாக்டர்” என்று கேட்பது பெரும்பாலும் தம்பதிதான். ஒரு தடவைக்கு லட்சக்கணக்கில் செலவு, இன்சூரன்ஸ் பெரும்பாலும் கொடுக்காது, ஆபீஸ் லீவும் கிடையாது. ஒரே தடவையில் குடும்பம் முடிந்துவிடும் என்ற கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு வைத்தால், கருத்தரித்த இளம் பெண்களில் மூன்று நான்கு பேருக்கு ஒருவர் இரட்டை சுமப்பார். இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறக்கிறார்கள். இன்குபேட்டர் பில் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்ட பிறகு அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம். ஒன்றை வைத்து, இன்னொன்றை உறையவைத்து, தங்காவிட்டால் அடுத்த மாதம் வைப்பதில் கடைசிப் பலன் ஏறக்குறைய அதேதான். 1990ல் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இதே சென்னையில், டாக்டர் கமலா செல்வராஜ் கையில் பிறந்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ‘டெஸ்ட் டியூப் பேபி’ என்று ஒரு பிள்ளையைச் சுட்டுகிற பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. டியூப்பில் யாரும் வளரவில்லை, ஐந்து நாள் தட்டில் இருந்தார்கள், மிச்ச மாதமெல்லாம் அம்மா வயிற்றில்தான்.

1980களில் ஆயிரம் பிரசவத்துக்கு 9 என்று இருந்த உலக இரட்டையர் கணக்கு இப்போது 12. பிறக்கும் 42 குழந்தைகளில் ஒன்று இரட்டையரில் ஒருவர். சிகிச்சை ஒரு காரணம். பெண்கள் படித்து, வேலைக்குப் போய், முப்பதுக்குப் பிறகு பெறுவது இன்னொரு காரணம். நம் பேச்சில் முதல் காரணம் மட்டுமே வரும்.

ஒரு தோசையா, இரண்டு தோசையா

கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. நஞ்சுக்கொடி எத்தனை?

இரண்டு முட்டைக் குழந்தைகளுக்கு ஏறக்குறைய எப்போதும் தனித்தனி நஞ்சு, தனித்தனி பனிக்குடம். ஒரே முட்டை பிரிந்தவர்களுக்கு, எப்போது பிரிந்தது என்பதைப் பொறுத்து மாறும். முதல் மூன்று நாளுக்குள் பிரிந்தால் எல்லாம் தனித்தனி, மூன்றில் ஒரு பங்கு இப்படி. நான்கிலிருந்து எட்டு நாளுக்குள் என்றால் நஞ்சு ஒன்று, பனிக்குடம் இரண்டு, பெரும்பான்மை இதுதான். அதற்கும் பின்னால் பிரிந்தால் ஒரே நஞ்சு, ஒரே பனிக்குடம், நூற்றில் ஒன்று. 13 நாளையும் தாண்டினால் முழுதாகப் பிரியாமல் ஒட்டிப் பிறக்கிறார்கள். ரிப்போர்ட்டில் டிசிடிஏ, எம்சிடிஏ, எம்சிஎம்ஏ என்று நான்கு எழுத்தில் வருவது முறையே முதல் மூன்று வகை.

இதைச் சரியாகச் சொல்லக்கூடிய நேரம் 11 வாரம் முதல் 14 வாரத்துக்குள். ஸ்கேனில் இரண்டு பனிக்குடத்துக்கும் நடுவில் ஒரு சவ்வு தெரியும். அது நஞ்சைத் தொடும் இடத்தில்தான் சங்கதி. கல்லில் இரண்டு தோசையைப் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினால் ஓரங்கள் சேர்ந்து ஒன்றாகத் தெரியும், ஆனால் சேர்ந்த இடத்தில் மாவு கூம்பாக மேலெழும்பி நிற்கும். அதேபோல இரண்டு நஞ்சு ஒட்டியிருந்தால் சவ்வின் அடியில் நஞ்சுத் திசு முக்கோணமாக ஏறியிருக்கும். இதை லாம்டா குறி என்பார்கள். ஒரே தோசை என்றால் ஏறுவதற்கு மாவு இல்லை. மெல்லிய சவ்வு நேராக வந்து செங்குத்தாக நிற்கும், அது டி குறி. 20 வாரத்துக்குப் பிறகு அந்த முக்கோணம் மழுங்கத் தொடங்கும். அப்புறம் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் உறுதியாகச் சொல்வது கஷ்டம்.

ஏன் இவ்வளவு அக்கறை? ஒரே நஞ்சைப் பகிர்பவர்களின் ரத்தக்குழாய்கள் நஞ்சுக்குள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். நூறு எம்சிடிஏ கர்ப்பத்தில் 10 முதல் 15ல், ஒரு பிள்ளையின் ரத்தம் இன்னொன்றின் பக்கம் கூடுதலாகப் போக ஆரம்பிக்கும். அதனால் இவர்களுக்கு 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன், டிசிடிஏவுக்கு நான்கு வாரத்துக்கு ஒன்று. சிக்கல் நேரத்தோடு தெரிந்தால் அந்தக் குழாய்களை லேசரால் அடைக்கலாம், சென்னையிலேயே செய்கிறார்கள். அறிகுறி என்ன? ஒரே வாரத்தில் வயிறு திடீரென்று பெருத்து, இறுகி, மூச்சு வாங்கும். “ட்வின்ஸ்னா வயிறு பெருசாத்தான் இருக்கும், பயப்படாத” என்று பக்கத்து வீட்டில் அன்பாகச் சொல்வார்கள். அந்த ஆறுதல் ஆபத்து. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல் நம் வழக்கத்தால் வருவது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். சென்னையில் பார்த்த டாக்டர் ஒருவர், திருநெல்வேலியில் பிரசவம் பார்க்கப்போகும் டாக்டர் இன்னொருவர். கடைசி ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஃபைலில் இருக்கும், 12 வார ரிப்போர்ட்டும் படமும் பீரோவில் தங்கிவிடும். புது டாக்டர் 28 வாரத்தில் ஸ்கேன் செய்து நஞ்சு ஒன்றா இரண்டா என்று தடுமாறுவார். டிசிடிஏ என்றால் 37 வாரம் வரை போகலாம், எம்சிடிஏ என்றால் 36, ஒரே பனிக்குடம் என்றால் 32க்கும் 34க்கும் நடுவில் சிசேரியன். இந்தத் தேதிகளெல்லாம் பீரோவில் கிடக்கும் அந்த ஒரு தாளில் தொங்குகின்றன. வளைகாப்புக்கு வளையல் வாங்குவதற்கு முன் அதை எடுத்து ஃபைலின் முதல் பக்கத்தில் செருகிவிடுங்கள். போகும் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரே நேரத்தில் இரண்டு குழந்தையை வைக்க இன்குபேட்டர் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். இரட்டை என்றால் வளைகாப்பையே ஒரு மாதம் முன்னால் வைத்துக்கொள்வது நல்லது.

“ஐடென்டிகலா?” என்ற கேள்விக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. “நஞ்சு ரெண்டு, அதனால ஐடென்டிகல் இல்ல” என்று சில டாக்டர்களே சொல்லிவிடுகிறார்கள். நஞ்சு இரண்டாக இருந்து, பாலினமும் ஒன்றாக இருந்தால், சுமார் ஐந்தில் ஒரு ஜோடி ஒரே முட்டையில் வந்தவர்கள். உறுதியாகச் சொல்ல டிஎன்ஏ பரிசோதனைதான் வேண்டும். ஆண் ஒன்று பெண் ஒன்று என்றால் இரண்டு முட்டை என்று சொல்லிவிடலாம், ஆனால் 1994ஆம் வருடச் சட்டப்படி ஸ்கேன் அறையில் அதைச் சொல்லக்கூடாது. “ரெண்டும் ஒரே மாதிரியா டாக்டர்?” என்று அப்பாவி முகத்தோடு கேட்கும் மாமியாருக்கு டாக்டர் ஏன் ஜன்னலைப் பார்க்கிறார் என்பது இதனால்தான். ஒரே முட்டையில் வந்தவர்களுக்கும் விரல் ரேகை வேறு வேறு. முகத்தைப் பார்த்துத் திறக்கும் போன் அண்ணனிடம் ஏமாறி தம்பியுடையதைத் திறந்துவிடலாம், ரேகை கேட்கும் போன் ஏமாறாது.

திருடன் என்றொரு பட்டம்

ஒன்று 2.4 கிலோ, இன்னொன்று 1.7 கிலோ என்று பிறந்தால், பார்க்க வரும் உறவினர் சிரித்துக்கொண்டே சொல்வது இது: “வயித்துலயே தம்பி சோத்தைப் பிடுங்கித் தின்னுட்டான் பாரு!” வேடிக்கைப் பேச்சுதான். ஆனால் அது நிற்காது. ஐந்து வயதில், பத்து வயதில், கல்யாண வீட்டில் என்று தொடர்ந்து வரும், ஒருவன் திருடன், ஒருவன் பாவம். உள்ளே நடந்தது அதுவல்ல. பெரும்பாலும் நஞ்சில் கிடைத்த பங்கு சமமில்லை, அல்லது ஒருவருடைய தொப்புள்கொடி ஓரத்தில் இணைந்திருந்தது. ரத்தம் ஒரு பக்கம் சாய்ந்தோடும் நிலையில், கூடுதலாகப் பெற்ற பிள்ளையின் இதயம் அந்தச் சுமையில் திணறுகிறது. ‘திருடன்’ என்று நாம் சிரித்த பிள்ளையும் ஆபத்தில்தான் இருந்தது. டாக்டர்கள் சொல்லும் ‘கொடுப்பவர், பெறுபவர்’ என்பதைக்கூட வீட்டுப் பேச்சுக்குள் கொண்டுவராமல் இருப்பது நல்லது.

“யாரு மூத்தவன்?” என்பதும் இப்படித்தான். கருப்பையின் வாய்க்குக் கிட்டே இருப்பவர் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஏ, மற்றவர் பி. சிசேரியனில் கைக்கு முதலில் வருபவர் மூத்தவர். இரண்டு நிமிட வித்தியாசத்துக்கு நாம் ஒருவனை வாழ்நாள் முழுக்க அண்ணனாக்கி விட்டுக்கொடுக்கச் சொல்கிறோம். நைஜீரியாவின் யோருபா மக்கள் கணக்கு வேறு: முதலில் வெளியே வந்தவர் டாய்வோ, உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரச் சின்னவர் அனுப்பப்படுகிறார், பின்னால் நிதானமாக வரும் கெஹிண்டேதான் மூத்தவர். நம் பக்கத்திலும் சில வீடுகளில் பின்னால் பிறந்ததே மூத்தது என்பார்கள். பெற்றவர்கள் என்ன சொல்லிப் பழக்கியிருக்கிறார்களோ அதையே நாமும் சொல்லிவிட்டுப் போகலாம்.

நிறத்தை ஒப்பிடுவது பற்றிச் சொல்லவே வேண்டாம், எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் செய்கிறோம். குப்புற விழுவதை ஒப்பிடுவதில் மட்டும் ஒரு கணக்கு உதவும். 34 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு ஆறு வாரம் கழித்துத்தான் வயது பார்க்க வேண்டும். ஐந்து மாதம் என்றால் அது மூன்றரை மாதக் குழந்தை. “இன்னும் குப்புற விழலையா?” என்று கேட்கும் முன் இந்தக் கழித்தலைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வயது வரை டாக்டர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

கடைசியாகச் சொல்லப்போவது கொஞ்சம் கனமானது. ஆரம்ப ஸ்கேனில் இரண்டு பை தெரிந்து, 12 வாரத்தில் ஒன்று மட்டும் மிஞ்சுவது அரிதல்ல, நான்கில் ஒன்று என்ற அளவுக்கு நடக்கிறது. பிரசவத்துக்குப் பக்கத்திலோ, பிறந்த பின்போ ஒன்று போவதும் உண்டு. அப்போது ஆறுதலாக வரும் வாக்கியம், “ஒண்ணாவது தங்குச்சே, அதைப் பாத்து மனசைத் தேத்திக்கோ.” பெற்றவள் காதில் இது எப்படி விழுகிறது என்றால், போன பிள்ளைக்கு அழ உனக்கு உரிமை இல்லை என்று. இருக்கும் பிள்ளையைக் கொஞ்சும்போதெல்லாம் இன்னொன்றை மறந்த குற்றமும், போனதற்கு அழும்போதெல்லாம் இருப்பதைக் கவனிக்காத குற்றமும் ஒன்றாகச் சேரும். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் இப்படித் தனியான குழந்தையின் தொட்டில் மேல் ஒரு ஊதா நிறப் பட்டாம்பூச்சி ஒட்டிவைக்கிறார்கள். பக்கத்துத் தொட்டிலுக்கு வந்தவர் “உங்களுக்கு ஒண்ணுதானே, ஈஸி” என்று வாய்தவறாமல் இருக்க அது போதும். நம் வார்டுகளில் அது இல்லாவிட்டாலும், “ரெண்டு பேருக்கும் பேரு வெச்சிருந்தீங்களா?” என்று கேட்கத் தெரிந்த நர்ஸ்கள் இருக்கிறார்கள். சொல்ல ஒன்றும் தோன்றாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து ஃபிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக் கொடுங்கள்.

“நேச்சுரலா, ட்ரீட்மென்ட்டா?” என்று கேட்க உரிமையுள்ள ஒரே இடம் டாக்டரின் அறை. அங்கே அது வம்பில்லை, கேஸ் ஷீட்டில் ஒரு கட்டம். ஐவிஎஃப் என்றால் கரு வைத்த தேதி வேண்டும். ஐந்தாம் நாள் கரு என்றால் வைத்த அன்றைக்கே கர்ப்பம் இரண்டு வாரம் ஐந்து நாள், அதிலிருந்து 261 நாளில் பிரசவத் தேதி. மாதவிலக்கு நாளை வைத்துப் போடும் எந்தக் கணக்கும் இவ்வளவு சுத்தமாக வராது. எத்தனை கரு வைத்தார்கள் என்பதும் வேண்டும். ஆனால் அந்த அறையில் பெரும்பாலும் மாமியாரும் நிற்பார், அவருக்குச் சொல்லாமலே சிகிச்சை நடந்திருக்கும். விவரம் தெரிந்த நர்ஸ் இதற்கு ஒரு வழி வைத்திருப்பார். “அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க, வெயிட் பாத்துட்டுக் கூப்பிடறேன்” என்று கதவைச் சாத்துவார். எடை பார்க்கும் மெஷின் அந்த அறையிலேயே இருக்காது. அப்புறம் பேனாவை எடுத்துக்கொண்டு, “சொல்லும்மா” என்பார். அந்தப் பெண் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, மனப்பாடமாகச் சொல்வாள். “ஜூன் பதினொண்ணு. டே ஃபைவ். ரெண்டு வெச்சாங்க.”